அளந்து பார்ப்பதும் ஓர் அறமே



ஒருவர் பொய் சொல்லவில்லை. ஆனாலும் அவர் சொல்லை நம்பியவர் ஏமாந்து போகிறார். இப்படி நேரக்கூடுமா? நேருமானால் குற்றம் யாருடையது? இந்தக் கேள்வியை நம் வியாபாரச் சகோதரர்களின் யோசனைக்கு வைக்க விரும்புகிறோம். அதற்கு நாம் எடுத்துக்கொண்ட உதாரணம் சற்றுப் புதுமையானது. புதிதாக ஒரு வேட்டைத் துப்பாக்கி வாங்கியவர், குறி தவறாமல் பாயும் தோட்டாவைக் கடைச் சரக்கிலிருந்து தேடி எடுப்பது எப்படி என்பதே அது.

துப்பாக்கிக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். மலேசியாவில் 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும் 1971ஆம் ஆண்டின் கடுந்தண்டனைச் சட்டமும் இருக்கின்றன. சிங்கப்பூரில் 1973ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அரிசியும் மசாலாவும் ஜவுளியும் விற்கிற நம்மில் எவரும் துப்பாக்கியைத் தொடப் போவதில்லை, தொடவும் வேண்டாம். ஆனால் அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, நார்வே முதலிய நாடுகளில் வேட்டை சட்டப்படி நடக்கிறது. அங்கே தோட்டாவும் பெட்டிக்கு இருபதாகக் கட்டி, விலை போட்டு, கடைப் பலகையில் அடுக்கி விற்கப்படும் ஒரு சரக்குதான். சரக்கைப் பற்றிய பேச்சு நமக்கு அந்நியமன்று. மேலும், அரிசியில் உள்ள குற்றம் பானைக்குள் மறைந்துபோகும். தோட்டாவில் உள்ள குற்றமோ காகிதத்தில் ஓட்டையாக விழுந்து எல்லோர் கண்ணுக்கும் தெரியும். அதனால்தான் இந்த உதாரணத்தை எடுத்தோம். வேட்டை நாட்டமுள்ள வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவரிடம் கேட்டும், படித்தும் அறிந்தவற்றையே இங்கே எழுதுகிறோம்.

பெட்டி சொல்வது என்ன?

தோட்டா என்பது நான்கு சாமான்களின் சேர்க்கை. பித்தளைக் கூடு, அதன் அடியில் பொறி தரும் கேப்பு, உள்ளே வெடிமருந்து, வாயில் பொருத்திய குண்டு. இவற்றுள் பறந்து போவது குண்டு மட்டுமே. அதன் எடையைக் கிரேன் கணக்கில் பெட்டியின் மேல் அச்சிடுவார்கள். ஒரு ராத்தலுக்கு 7000 கிரேன். மான் வேட்டைக்கு அமெரிக்காவில் பெரிதும் வழங்கும் புள்ளி 308 வின்செஸ்டர் என்னும் தோட்டா 1952இல் விற்பனைக்கு வந்தது. அதில் 150, 165, 180 கிரேன் என்று பல எடைகளில் குண்டுகள் கிடைக்கின்றன.

எந்தத் தொழிற்சாலையின் தோட்டாவும் அந்தப் பெயருள்ள எந்தத் துப்பாக்கியிலும் ஆபத்தின்றிப் பொருந்த வேண்டும் என்பதற்காக அளவுகளை வகுக்கும் சங்கங்கள் உண்டு. ஐரோப்பாவில் 1914 முதலும் அமெரிக்காவில் 1926 முதலும் இத்தகைய அமைப்புகள் இருந்து வருகின்றன. தோட்டா இவ்வளவுக்கு மேல் பருமனாக இருக்கக் கூடாது, துப்பாக்கியின் அறை இவ்வளவுக்குக் கீழ் குறுகலாக இருக்கக் கூடாது, மருந்தின் அழுத்தம் இவ்வளவைத் தாண்டக் கூடாது என்று அவை வரம்பு கட்டியிருக்கின்றன. புள்ளி 308க்கு அமெரிக்கக் கணக்கில் அந்த அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 62,000 ராத்தல்.

இந்த வரம்பு எதற்கு உத்தரவாதம் தருகிறது என்று கவனிக்க வேண்டும். துப்பாக்கி வெடித்துச் சிதறாது என்பதற்கே அது உத்தரவாதம். குண்டு குறியில் போய் விழும் என்பதற்கன்று. ஒரே தொழிற்சாலையில், ஒரே நாளில் செய்த இரண்டு துப்பாக்கிகள் ஒரே பெட்டித் தோட்டாவை இரண்டு விதமாகச் சுடும். மருந்து வெடித்ததும் இரும்புக் குழல், தட்டிய கம்பியைப் போல அதிர்கிறது. குண்டு வாயை விட்டு வெளியேறும் நொடியில் அந்த அதிர்வு எந்தப் பக்கம் இருக்கிறது என்பது குழலுக்குக் குழல் வேறுபடும். கூட்டிலிருந்து கிளம்பிய குண்டு குழலின் வரிகளைத் தொடுமுன் தாவ வேண்டிய தூரமும் வேறுபடும். ஆகவே பெட்டியின் மேல் ‘மிகத் துல்லியமானது’ என்று அச்சிட்டிருந்தால், அது எந்தக் குழலில் என்ற கேள்வி உடனே எழுகிறது.

வேகத்தின் கதையும் அப்படியே. பெட்டியில் அச்சிட்ட வேகத்தைப் பல தயாரிப்பாளர்கள் 24 அங்குல நீளமுள்ள சோதனைக் குழலில் அளக்கிறார்கள். வாங்குபவரின் துப்பாக்கிக் குழல் 20 அங்குலமாக இருந்தால் அந்த வேகம் அவருக்குக் கிடைக்காது. இதில் அச்சிட்டவர் பொய்யர் அல்லர். தம் குழலில் கண்டதை அவர் சொன்னார். வாங்கியவர் அதைத் தம் குழலுக்கும் சொன்னதாக எடுத்துக்கொண்டார்.

உள்ளே போவதெல்லாம் பொருந்துவதாகாது

இதற்கு வியாபார சரித்திரத்திலேயே நல்ல சாட்சி இருக்கிறது. குழலின் உட்புறத்தில் திருகாணி மரையைப் போல வரிகள் வெட்டியிருப்பார்கள். அவையே குண்டைப் பம்பரமாகச் சுழற்றி நேரே போகச் செய்கின்றன. எத்தனை அங்குலத்தில் குண்டு ஒரு முழுச் சுற்றுச் சுற்றுகிறது என்பது அந்தக் குழலின் திருகுக் கணக்கு. நீளமான குண்டுக்கு வேகமான திருகு வேண்டும். வூல்விச் பீரங்கிக் கல்லூரியில் கணிதம் கற்பித்த கிரீன்ஹில் என்பவர் இதற்கு 1879இலேயே கணக்கு வகுத்துக் கொடுத்தார்.

1955இல் அமெரிக்காவில் இரண்டு கம்பெனிகள் ஒரே பருமனுள்ள குண்டுக்கு இரண்டு புதுத் தோட்டாக்களைக் கொண்டுவந்தன. வின்செஸ்டர் கம்பெனியின் புள்ளி 243க்கு 10 அங்குலத் திருகு. 80 கிரேனிலும் 100 கிரேனிலும் குண்டு. ரெமிங்டன் கம்பெனியின் புள்ளி 244க்கு 12 அங்குலத் திருகு. 75 கிரேனிலும் 90 கிரேனிலும் குண்டு. ரெமிங்டன் தோட்டாவின் கூடு சற்றுப் பெரியது. மருந்தும் கூடுதலாகக் கொள்ளும். எனினும் மான் வேட்டைக்காரர் விரும்பியது 100 கிரேன் குண்டு. அந்த நீண்ட குண்டை 12 அங்குலத் திருகு சரியாகச் சுழற்றாது என்று எண்ணி ஜனங்கள் வின்செஸ்டரின் பக்கம் சாய்ந்தார்கள். ரெமிங்டன் கம்பெனி பிறகு திருகை 9 அங்குலமாக மாற்றியது. 1963இல் அதே தோட்டாவுக்கு 6 மில்லிமீட்டர் ரெமிங்டன் என்று புதுப் பெயரும் வைத்தது. அதற்குள் சந்தை கைமாறிவிட்டது.

இதில் நாம் பார்க்க வேண்டியது, பழைய 12 அங்குலத் துப்பாக்கியை வைத்திருந்தவரின் நிலை. புதுப் பெயரில் வந்த தோட்டா அவர் துப்பாக்கியிலும் தடையின்றி உள்ளே போகும், வெடிக்கவும் செய்யும். ஆனால் அதிலுள்ள நீண்ட குண்டு நேரே போகுமா என்பது சுட்டுப் பார்த்தால்தான் தெரியும். உள்ளே போகிறது என்பதற்காக ஒன்று பொருந்துகிறது என்று ஆகிவிடாது. கூட்டாளியைச் சேர்ப்பதிலும் கடைக்கு ஆள் வைப்பதிலும் நாம் காணும் உண்மை இதுவே அல்லவா?

குற்றம் யாருடையது?

இப்பொழுது முதற் கேள்விக்கு வருவோம். அளவு வகுத்த சங்கம் பொய் சொல்லவில்லை. தொழிற்சாலை பொய் சொல்லவில்லை. விற்ற கடைக்காரரும் பொய் சொல்லவில்லை. ஆனாலும் குண்டு குறி தவறி, மானின் வயிற்றிலோ காலிலோ பாய்ந்து, அது காட்டுக்குள் ஓடிக் கிடந்து துடித்துச் சாகிறது. இதற்குப் பொறுப்பாளி யார்?

விசையை இழுத்தவரே என்பது நம் அபிப்பிராயம். மற்றவர்கள் எல்லாரும் பொதுவாகச் சொன்னார்கள். இந்தத் துப்பாக்கி, இந்தத் தோட்டா, இந்த மான் என்று ஒன்றாகச் சேர்த்தவர் அவர் ஒருவரே. பொதுவான உண்மையைத் தனியான உண்மையாக மாற்றும் வேலையைப் பிறர் அவருக்காகச் செய்து தர முடியாது. பிறர் சொல்லை நம்பினேன் என்பது, அந்தப் பிறருக்குத் தெரிய வழியிருந்த விஷயத்தில்தான் நியாயமான பதிலாகும். தெரிய வழியில்லாத விஷயத்தில் அது பதிலாகாது.

‘வேட்டையே கொடுமை, அதில் துல்லியம் என்ன, துல்லியமின்மை என்ன?’ என்று கேட்பவர்களும் உண்டு. வேட்டை கூடுமா கூடாதா என்பது வேறு விவாதம். ஒரு செயலைச் செய்வதென்று முடிவு செய்தவர், அதில் தவிர்க்கக்கூடிய வேதனையைத் தவிர்க்கக் கடமைப்பட்டவர் என்பதில் இரு தரப்பாருக்கும் வழக்கில்லை. அறுப்பவர் கத்தியை நன்கு தீட்டிக்கொள்ள வேண்டும் என்பது நம் வீட்டுப் பிள்ளைகளும் அறிந்த நெறி. தோட்டாவைச் சோதிப்பதும் கத்தி தீட்டுவதைச் சேர்ந்ததே. நார்வே நாட்டில் பெரிய விலங்குகளை வேட்டையாடுவோர் ஆண்டுதோறும் சுடும் தேர்வில் தேறியாக வேண்டும். 100 மீட்டர் தூரத்தில் மான் உருவம் வைத்திருப்பார்கள். 5 குண்டு சுட வேண்டும். ஐந்தும் 30 சென்டிமீட்டர் வட்டத்துக்குள் விழ வேண்டும். நான்கு விழுந்தால் போதாது.

தன்னிடமே பொய் சொல்லாமை

சோதிப்பது கடமை என்றால், எப்படிச் சோதிப்பது? முறை எளியது. மூன்று நான்கு வகைத் தோட்டாக்களை, எடைக்கு ஒரு பெட்டியாக வாங்க வேண்டும். காற்றில்லாத நேரத்தில், உறுதியான மேசையில், மணல் பையின் மேல் துப்பாக்கியைச் சார்த்தி, 100 கஜத்தில் காகிதக் குறியை நட்டுச் சுட வேண்டும். வகை மாறும்போது குழலைத் துடைக்க வேண்டும். சூடேறிய குழல் வேறு இடத்தில் சுடுமாதலால் ஆறவிட்டுச் சுட வேண்டும். ஓட்டைகள் கொத்தாக விழும். கொத்தின் அகலத்தை அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். வேட்டையில் உதவுவது பெரும்பாலும் குளிர்ந்த குழலின் முதல் குண்டே. ஆகவே அது எங்கே விழுகிறது என்பதைத் தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும்.

முறை எளிதாயினும் மனம் எளிதன்று. இங்கேதான் நம் கட்டுரையின் உயிர்நிலை இருக்கிறது.

மூன்று குண்டு சுட்டு ஓர் அங்குலக் கொத்து விழுந்தால், ‘என் துப்பாக்கி அங்குலத் துப்பாக்கி’ என்று சொல்ல மனம் துடிக்கும். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. மூன்று குண்டில் சராசரி ஓர் அங்குலம் காட்டும் அதே துப்பாக்கி, அதே தோட்டாவில், ஐந்து குண்டு சுட்டால் சராசரி ஒன்றேகால் அங்குலமும், பத்துச் சுட்டால் ஒன்றரை அங்குலத்துக்குச் சற்று மேலும் காட்டும். துப்பாக்கி கெட்டுவிடவில்லை. குறைவாகப் பார்த்தவருக்கு அது அழகாகத் தெரிந்தது, அவ்வளவே. மூட்டையின் மேல்வாயில் ஒரு கைப்பிடி அள்ளிப் பார்த்து முழு மூட்டைக்கும் விலை பேசுகிறவர் இதை நன்கு அறிவார்.

ஆறு வகைத் தோட்டாவை ஒவ்வொரு கொத்துச் சுட்டுப் பார்த்தால், அவற்றுள் ஒன்று முதலாவதாக வந்தே தீரும். எல்லாம் சமமான சரக்காக இருந்தாலும் அதிர்ஷ்டத்தால் ஒன்று முந்தும். ஆகவே முதல் சோதனையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாமே தவிர அதை நம்பிவிடக் கூடாது. முந்தியதை வேறொரு நாளில், புதுக் காகிதத்தில், மறுபடியும் இரண்டு மூன்று கொத்துச் சுட்டுப் பார்த்த பிறகே நம்ப வேண்டும்.

இன்னொன்று உண்டு. நான்கு ஓட்டை நெருங்கி விழுந்து ஐந்தாவது விலகி விழுந்தால், ‘அது என் கை அசைந்ததால் வந்தது, அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்’ என்று தள்ளிவிடுவது பலர் வழக்கம். கை அசைந்தது உண்மையாகவும் இருக்கலாம். நல்ல சுடுவோரிடம் இதற்கு ஒரு விதி இருக்கிறது. விசை விழுந்தவுடன், குறியைப் பார்க்குமுன், ‘இது தவறியது’ என்று சொல்லிவிட வேண்டும். அப்படிச் சொன்னால் தள்ளலாம். ஓட்டையைப் பார்த்த பிறகு சொன்னால் தள்ளக் கூடாது. இது நம் தராசுக்கும் உரிய விதி. மூட்டை ஈரம், இவ்வளவு கழிவு என்று நிறுப்பதற்கு முன் சொன்னால் அது கழிவு. முள்ளைப் பார்த்த பிறகு சொன்னால் அது சாக்கு.

காகிதத்தில் குத்திய ஓட்டையை வேறு யாரும் பார்க்கப் போவதில்லை. நல்ல காகிதத்தைச் சுவரில் ஒட்டிவிட்டு மற்றவற்றைக் கிழித்துப் போட்டாலும் கேட்க ஆளில்லை. எனினும் மானின் மேல் பாய்வது சராசரி அன்று, சுவரில் ஒட்டிய காகிதமும் அன்று. ஒரே ஒரு குண்டு. அது தள்ளிவிட்ட ஐந்தாவதாகவும் இருக்கலாம்.

துல்லியம் மட்டும் போதுமா?

இவ்வளவும் கேட்டு, மிக நெருங்கிச் சுடும் தோட்டாவே சிறந்தது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பந்தயத்துக்கென்று செய்த குண்டுகள் காகிதத்தில் மிக நெருக்கமாக விழும். ஆனால் உடலுக்குள் சென்று சீராக விரிந்து உடனே உயிரை முடிக்கும்படி அவற்றுள் பலவற்றைச் செய்யவில்லை. 1946இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஜான் நோஸ்லர் என்பவர், சேறு படிந்து காய்ந்த தோலுடைய மூஸ் என்னும் பெருமான் ஒன்றைச் சுட்டார். குண்டுகள் குறியில்தான் பட்டன. ஆனால் மேலேயே உடைந்து உள்ளே செல்லவில்லை. அந்த அனுபவத்தால் அவர் குண்டின் நடுவே செம்புச் சுவர் வைத்து, முன்பாதி விரியவும் பின்பாதி உடையாமல் ஊடுருவவும் செய்தார். 1948இல் அது விற்பனைக்கு வந்தது, இன்றும் விற்கிறது. சரியான இடத்தில் பட்டும் பயன்படாத குண்டு உண்டு என்பதற்கு இது சாட்சி. அளவு சரியாக இருந்தாலும் சரக்கு சரியாக இருக்க வேண்டும்.

விலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. விலை கூடிய பெட்டி பெரும்பாலும் கவனமாகச் செய்யப்பட்டதாகவே இருக்கும்; ஆயினும் ஒவ்வொரு குழலும் அதை விரும்பும் என்பதில்லை. ஒரே பெயருள்ள சரக்கிலும் உற்பத்தித் தொகுதிக்குத் தொகுதி மாறுதல் இருக்கிறது. இங்கிலாந்தின் ஈலி போன்ற தோட்டாத் தொழிற்சாலைகள் பந்தயக்காரர்களைத் தங்கள் சோதனைக் கூடத்துக்கே வரவழைக்கின்றன. அவர்கள் தம் துப்பாக்கியில் பல தொகுதிகளைச் சுட்டுப் பார்த்து, ஒத்துவரும் தொகுதியின் எண்ணைக் குறித்து அதையே மொத்தமாக வாங்கிச் செல்கிறார்கள். வேட்டைக்காரரும் நல்ல பெட்டி கிடைத்தால் அதே தொகுதி எண்ணில் இன்னும் சில பெட்டிகள் வாங்கி வைப்பது விவேகம்.

போதும் என்பது எப்பொழுது?

சோதனைக்கும் எல்லை உண்டு. வெள்ளைவால் மானின் இதயமும் நுரையீரலும் உள்ள இடத்தை வேட்டைக்காரர்கள் சுமார் 8 அங்குல வட்டம் என்று கணக்கு வைக்கிறார்கள். 100 கஜத்தில் ஒன்றரை அங்குலம் சுடும் துப்பாக்கி 200 கஜத்தில் மூன்று அங்குலம் சுடும். கை நடுக்கத்துக்கும் காற்றுக்கும் தூரத்தைத் தவறாக மதிப்பதற்கும் வட்டத்துக்குள் இன்னும் இடம் மிச்சமிருக்கிறது. 100 கஜத்தில் மூன்று அங்குலம் சுடும் துப்பாக்கியோ 200 கஜத்தில் ஆறு அங்குலம் சுடும். அங்கே மிச்சம் மிகக் குறைவு. முன்னவர் நிறுத்திக்கொள்ளலாம், பின்னவர் வேறு தோட்டா தேட வேண்டும், அல்லது கிட்ட நெருங்கிச் சுட வேண்டும்.

ஒன்றரை அங்குலம் சுடுகிறவர் முக்கால் அங்குலம் வேண்டும் என்று பெட்டி பெட்டியாக வாங்கிக்கொண்டே இருந்தால், அவர் இப்பொழுது மானுக்காகச் சோதிக்கவில்லை; தம் பெருமைக்காகச் சோதிக்கிறார். மேசையும் மணல் பையும் காட்டில் இல்லை. அந்தப் பணத்தில், நின்றும் மண்டியிட்டும் சுட்டுப் பழகினால் மானுக்கு அதிக நன்மை. சோதியாமல் விடுவது அலட்சியம். போதுமானது கிடைத்த பின்னும் தேடிக்கொண்டிருப்பது வீண்பெருமை. இவ்விரண்டுக்கும் நடுவே நிற்பதுதான் அறம் என்பது நம் துணிபு.

வாய் பேசாதவரின் உரிமை

சகோதரர்களே! மான் கடைக்கு வந்து முறையிடாது. குண்டு தவறியது என்று பெட்டியைத் திருப்பிக் கொண்டுவராது. திரும்பி வந்து கேட்க முடியாத ஒருவர்பால் நாம் எப்படி நடந்துகொள்கிறோம் என்பதிலேதான் நம் நேர்மையின் நிறை தெரிகிறது. வாதாடத் தெரிந்த வாடிக்கையாளரிடம் சரியாக நிறுப்பதற்குப் பயமே போதும். தாய் காசு கொடுத்தனுப்பிய சிறு பிள்ளை, முள்ளைப் படிக்கத் தெரியாத முதியவர், ஆயிரம் மைலுக்கு அப்பால் கடிதத்தில் சரக்குக் கேட்டவர் ஆகியோரிடம் சரியாக நிறுக்க அறம் வேண்டும்.

மொத்த வியாபாரி அனுப்பிய பெட்டியின் மேல் எழுதியிருப்பதை நம்பி விற்கிறோம். எழுதியவர் நல்லவராகவே இருக்கலாம். அவர் தம் கிடங்கில் கண்டதை எழுதினார். கப்பலில் வந்து, நம் ஊர் ஈரத்தில் மூன்று மாதம் கிடந்த பிறகு அந்தச் சரக்கு எப்படி இருக்கிறது என்பது நமக்குத்தான் தெரியக்கூடும். நாம் பிரித்துப் பார்த்தால். நம் கையைத் தாண்டிப் போனால் அதைப் பார்ப்பதற்கு அடுத்து இருப்பவர், அதைச் சமைத்து உண்பவர் மட்டுமே. ஆகவே பிரித்துப் பார்ப்பதும், நிறுத்துப் பார்ப்பதும், கண்டதைக் கண்டபடி எழுதி வைப்பதும் நம்மிடம் ஒப்படைத்த அமானிதத்தைச் சேர்ந்தவை. பேரேட்டில் வரவு செலவு எழுதுவதைப் போலவே இதையும் நாள்தோறும் செய்து வருவோமாக.